மாட்டு வண்டியும் மகாராஜாவும்

சென்ற வாரம் நமது வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஸார், ஏர் இந்தியா நம் தேசத்தின் சொத்துதானே? அதை ஏன் விற்றார்கள்?" என்று கேட்டான். பாடப் புஸ்தகத்தில் விடையில்லாத கேள்வி. ஆகவே கதையை ஆதியிலிருந்தே சொல்லலானோம்.

1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி, 28 வயது வாலிபரான ஜே. ஆர். டி. டாட்டா, தபால் பைகளுடன் ஒரு சிறு 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து தன்னந்தனியே கிளம்பினார். ஆமதாபாத்தில் அவர் இறங்கியபோது, விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது! பம்பாயில் தபாலைப் பெற்றுக்கொண்டு நெவில் வின்ஸென்ட் என்பவர் பெல்லாரி வழியாகப் பறந்தார். அந்த மார்க்கத்தின் ஒரு கோடி கராச்சி. மறு கோடி நமது சென்னைப் பட்டணம். அன்றைய ஸர்க்கார் மானியமாக ஒரு காசும் கொடுக்கவில்லை.

1946-ல் அந்தக் கம்பெனி 'ஏர் இந்தியா' என்று பெயர் பெற்றது. மீசையும் தலைப்பாகையுமாகக் குனிந்து வரவேற்கும் மகாராஜா பொம்மையும் அவ்வருஷமே பிறந்தது. ஸ்வதந்திரம் வந்த மறு வருஷம், 1948 ஜூன் 8-ந் தேதி, 'மலபார் பிரின்ஸஸ்' விமானம் கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த ஸர்வதேசக் கம்பெனியில் ஸர்க்காரின் பங்கு 49 சதவிகிதம். 1953-ல் விமானப் போக்குவரத்து முழுவதும் தேசீய உடைமையாயிற்று. டாட்டா அதை ஆக்ஷேபித்தார்; ஆயினும் தலைமைப் பொறுப்பை ஏற்று 1978 வரையில் வகித்தார்.

பின்னர் தேய்பிறை. 2007-ல் உள்நாட்டு விமான ஸ்தாபனமான இந்தியன் ஏர்லைன்ஸையும் இதையும் ஒன்றாக இணைத்தார்கள். இரண்டு நஷ்டங்களைக் கூட்டினால் லாபமாகுமா? 2021-ல் கடன் சுமார் 61,000 கோடி ரூபாய்! அவ்வருஷம் டாட்டா குழுமமே 18,000 கோடிக்கு ஏலத்தில் எடுத்தது. அதில் 15,300 கோடி, கடனை ஏற்றுக்கொண்ட வகையில். 2022 ஜனவரி 27-ந் தேதி மகாராஜா பழைய வீட்டுக்கே திரும்பினார். எஞ்சிய கடன், ஏறக்குறைய 46,000 கோடி, ஸர்க்காரிடமே தங்கிவிட்டது.

"தம்பி, விற்றது குற்றமென்று நாம் சொல்ல மாட்டோம். தேசத்தின் சொத்து என்று பெருமை பேசினோம்; தேசத்தின் சொத்தாயிற்றே என்று வருஷந்தோறும் கணக்குக் கேட்டோமா? ஊர்ப் பொதுக் குளத்தைத் தூர் வாராமல் விட்டவர்கள், தண்ணீர் வற்றிய பிறகு அழுவதில் என்ன பயன்?" என்று முடித்தோம்.

பையன் உட்காரவில்லை. "அப்படியானால் விமானம் அவர்களுக்கு, கடன் மட்டும் இன்னும் நம் தேசத்தின் சொத்தா, ஸார்?" என்றான்.

நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது.