தண்ணீர் வந்துவிட்டது, ரிங் வரவில்லை

எங்கள் டிராக்டருக்கு வயது 27. முப்பத்தைந்து குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். இத்தனை வருஷத்தில் இன்ஜினுக்கு ஒரு தடவை லைனர், பிஸ்டன் மாற்றியதோடு சரி. இன்றைக்கும் மார்கழிப் பனியில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். அப்படிப்பட்ட வண்டியை, வயலில் தண்ணீர் கட்டிக் கிடந்த நாட்களில், 11 நாள் கொட்டகையில் நிறுத்திவைத்தேன். காரணம், கட்டைவிரலில் மாட்டிக்கொள்கிற அளவுக்கு ஒரு ரிங்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கடைமடையில் இருக்கிற எங்களுக்குத் தண்ணீர் வர நாளாகும். அதைக் கணக்குப் பண்ணி போர் தண்ணீரில் நாற்று விட்டிருந்தோம். குறுவை நாற்று 25 நாளைத் தாண்டி நாற்றங்காலில் நின்றால் நட்ட பிறகு தூர் கட்டாது. வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று சேறடிக்க ரோட்டவேட்டரை மாட்டினேன். லிஃப்ட் தூக்கவில்லை.

"தம்பி, பம்பை இறக்கித்தான் பாக்கணும்" என்றார் மெக்கானிக். எங்கள் வண்டியில் ஹைட்ராலிக் பம்பு வெளியே இருக்காது. நடு ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். எண்ணெயை முழுக்க வடித்து, லிஃப்ட் மூடியை ஆள் வைத்துத் தூக்கி இறக்கி, பிடிஓ ஷாஃப்டை உருவினால்தான் கைக்கு வரும். எடுத்துப் பார்த்தால் பம்பு உடம்பில் ஒரு கீறல் இல்லை. உள்ளே பிஸ்டன் ரிங்குகள் மட்டும் தேய்ந்து போயிருந்தன.

ரிங் கேட்டு ஏஜென்சிக்குப் போனேன். "அது தனியா வராதுண்ணே. பம்பு முழுசாத்தான் வரும். மாடலும் நிறுத்தியாச்சு, ஆர்டர் போட்டா இருபது நாள் ஆகும்." முழுப் பம்புக்கு அவர் சொன்ன விலை, ஒரு ஏக்கர் குறுவையில் செலவு போக எனக்கு மிஞ்சுகிற பணம். நல்ல பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பம்பு வாங்கு என்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தஞ்சாவூர், திருச்சி என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். கோயம்புத்தூருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். கடைசியில் ஒரு கடையில் ரிங் செட் கிடைத்தது. ஒரிஜினல் என்றார்கள். பெட்டி அச்சு அசலாக இருந்தது, ஸ்டிக்கர்கூட பளபளத்தது. மாட்டி மூன்றாம் நாள் ரோட்டவேட்டர் பழையபடி இறங்கிவிட்டது. மறுபடி எண்ணெய் வடிப்பு, மறுபடி மூடி, மறுபடி கூலி. சொந்த வண்டி கொட்டகையில் நிற்க, மணிக்கணக்கு வாடகைக்கு வேறு வண்டி பிடித்துச் சேறடித்தேன். மட்டமான உதிரியின் விலை கடையில் கொடுக்கிற காசோடு முடிவதில்லை.

பேரிங் கடையில் இந்த அவதி கிடையாது. பேரிங்கில் 6205 என்று பொறித்திருந்தால் உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவட்டம் 52, அகலம் 15. எந்த ஊரில் கேட்டாலும், எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். ஆயில் சீலும் அப்படித்தான்: வெர்னியரில் மூன்று அளவு எடுத்துச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிடிஓவுக்கு ஆறு ஸ்ப்லைன், நிமிஷத்துக்கு 540 சுற்று என்று பொது அளவு இருப்பதால்தான் யார் செய்த ரோட்டவேட்டரையும் என் வண்டியில் மாட்ட முடிகிறது. புதிதாக ஒரு கருவியை விற்பதற்கு வேண்டிய இடத்தில் பொது அளவு வைக்கத் தெரிந்தவர்களுக்கு, பழைய வண்டியின் வயிற்றுக்குள் இருக்கிற ரிங்குக்கு மட்டும் அது ஏன் தோன்றவில்லை?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது செல்போன், காரோடு பண்ணைக் கருவிகளையும் சேர்த்தது. பேப்பரில் படித்துவிட்டு அன்றைக்கு மனசார சந்தோஷப்பட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நல்ல காரியம். ஆனால் கடையில் இல்லாத சாமானுக்கு வரி குறைந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் புது இயந்திரம் வாங்கச் சிறு விவசாயிக்குப் பாதி வரை மானியம் உண்டு. பழைய வண்டிக்கு உதிரி வாங்க மானியம் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. மீதிப் பாதிக்குக் கடன் வாங்கத் துணியாதவன்தானே பழைய வண்டியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறான்?

நான் கேட்பது இலவசம் அல்ல. ஒரு மாடலை நிறுத்துகிற அன்றைக்கே அதன் உதிரிகளின் அளவையும் உலோகத்தையும் வரைபடத்தோடு வெளியிட்டுவிடச் சொல்லுங்கள். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கடைந்து தருகிற பட்டறைகள் கோயம்புத்தூரில் தெருத்தெருவாக இருக்கின்றன. அவர்களுக்கு அளவுதான் தெரிய வேண்டும். தேய்ந்த ரிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், தேய்ந்த அளவுக்குத்தானே செய்து தருவார்கள்?

வண்டி இப்போது மூன்றாவது ரிங் செட்டில் ஓடுகிறது. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து எழுந்தால், அது சேற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.