பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது?

நெரிசல் என்றால் நம் ஊரில் முதலில் நடப்பது, சாலையோரம் ஆளை உட்காரவைத்து வண்டிகளை எண்ணுவது. இத்தனை கார், இத்தனை பைக், இத்தனை பஸ். எண்ணிக்கை கூடினால் மேம்பாலம். வண்டிக்குள் இருப்பவர் எதற்காகப் போகிறார், இந்த நேரத்தில்தான் போயாக வேண்டுமா என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை.

ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970-இல் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது. தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும். நாலு பேரோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு அவர்களுக்குத் தோதான நேரத்தில் போக வேண்டும். கடை திறந்திருக்கும்போதுதான் வாங்க முடியும். இத்தனைக்கும் கொடுத்ததுபோக மிஞ்சும் நேரத்தில்தான் நம் இஷ்டம் செல்லுபடியாகும்.

இதையே கணக்காக்கியவர்களில் ஒருவர் சந்திரா பட். சென்னை ஐஐடியில் சிவில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் அவர் குழு உருவாக்கிய 'செம்டாப்' மென்பொருளை டல்லஸ் - ஃபோர்ட்வொர்த் வட்டாரத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கணினிக்குள் ஒரு கற்பனை ஊர். அதில் ஒவ்வொருவருக்கும் வயது, வேலை, குடும்பம் உண்டு. அவர்களுடைய ஒரு நாளை மென்பொருள் எழுதுகிறது. முதலில் அசைக்க முடியாத வேலைகள்: ஆபீஸ், ஸ்கூல். அடுத்து, பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டிவருவது. வரும் வழியில் கடைக்குப் போவது, சாயங்காலம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது. அம்மாதான் பிள்ளையை விட வேண்டும் என்று முடிவானால், அவர் எப்போது கிளம்புவார், எதில் போவார், எந்த வழியில் போவார் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடும். அப்புறம் காலை எட்டு மணிக்குச் சாலைக் கட்டணத்தைக் கூட்டினாலும் அவர் பத்து மணிக்குக் கிளம்பப்போவதில்லை, கட்டணம்தான் கட்டுவார். வண்டி எண்ணும் தாள் இதைச் சொல்லாது.

டல்லஸுக்குச் செய்ததை அப்படியே இங்கே இறக்கிவிடவும் முடியாது. எங்கள் தெருவில் பலர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் லாரி. அது வரும் நேரம் லாரிக்காரருக்கே தெரியாது.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஊரில் நடுவழியில் இறங்கி ஏறும் பயணங்களில் பெரும்பங்கு யாருடையது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான். முன்பு வழியில் மார்க்கெட்டில் இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்கு இன்னொரு டிக்கெட். இப்போது அந்தச் செலவு இல்லை. ஆனால் அடுத்த பஸ் எப்போது வரும் என்ற கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

வண்டிகளை எண்ணட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த மேம்பாலத்துக்கு முன்னால் அந்த வட்டாரத்தில் சில நூறு வீடுகளின் கதவையும் தட்டிக் காலை முதல் இரவு வரை எங்கே, எதற்குப் போனீர்கள் என்று கேளுங்கள். கேள்வித்தாளைக் குடும்பத் தலைவரிடம் மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். பல வீடுகளில் அவருக்கு ஸ்கூல் விடும் நேரம் தெரியாது.