தட்டில் பரிமாறிய தராதரம்

மஞ்சு-ஹான் பெருவிருந்து, 108 வகைப் பதார்த்தங்கள் என்று நாவூறக் கட்டுரை எழுதுவோரிடம் ஒரு கேள்வி: சிங் அரசின் விதிநூலைப் புரட்டியதுண்டா? அப்படியொரு கூட்டு விருந்துக்கு அதில் இடமே இல்லை. மஞ்சு விருந்துக்கு 6 தரம், ஹான் விருந்துக்கு 5, இரண்டும் தனித்தனி. மஞ்சு விருந்தின் முதல் மூன்று தரங்கள் மறைந்த அரச குடும்பத்தாருக்கான படையல். கொரியத் தூதருக்கு ஐந்தாம் தரம். வியட்நாம், சயாம் தூதர்களுக்கு ஆறாம் தரம். யாருக்கு எந்தத் தட்டு என்பதே அங்கே அரசியல்.

இவற்றை நடத்திய குவாங்லு சி என்ற அரசு அலுவலகம் சுவைக்குப் பேர் போனதுமன்று. அதன் சாற்றை, அரண்மனை மருத்துவர்களின் மருந்துச்சீட்டோடு சேர்த்து மிங் காலத்திலேயே தலைநகர மக்கள் எள்ளி நகைத்தனர். 1906இல் அது சடங்கு அமைச்சகத்தில் இணைக்கப்பட்டது. சேர வேண்டிய இடமும் அதுவே.

தராதரத்தை ருசியென்று வாசிப்பவர் அதிகாரத்தைக் காணத் தவறுகிறார். அடுக்களை வரலாறு எழுதப் பசி மட்டும் போதாது, ஆவணமும் வேண்டும்.