நியூட்டனுக்கு டியூஷன், தலைக்கு ஒன்றுமில்லை

அசாம் ஜாவா வட்டாரப் பெற்றோருக்கு,

உங்களில் ஒருவனாகத்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும், கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

படிவம் நான்கில் பிள்ளை இயற்பியல் எடுத்துவிட்டால் நமக்குத் தூக்கம் போய்விடுகிறது. இரண்டாவது பாடமே விசையும் இயக்கமும். நிலைமம், உந்தம், கணத்தாக்கு விசை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். உடனே கோல சிலாங்கூரில் நல்ல டியூஷன் எங்கே, புஞ்சாக் ஆலாமில் யார் நன்றாகச் சொல்லித் தருகிறார் என்று விசாரிக்கிறோம். மாதக் கட்டணத்தை எப்படியாவது புரட்டிவிடுகிறோம். எஸ்.பி.எம்.மில் பிள்ளை கோட்டைவிடக் கூடாது என்கிற அக்கறை அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பாடத்துக்கு நேர்மாறான பாடத்தை நாமே நடத்துகிறோமே, அதற்கு என்ன சொல்வது? ஏதாவது ஒரு பள்ளி வாசலில் ஏழு மணி வாக்கில் நின்று பாருங்கள். அப்பா தலையில் ஹெல்மெட் இருக்கும், வார் தொங்கும். அவருக்கு முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சின்னவள் நிற்பாள், வெறுந்தலையோடு. பின்னால் இரண்டு பையன்கள், நடுவே புத்தகப்பை. பெரியவனின் ஹெல்மெட் மோட்டார் கூடையில் பத்திரமாகக் கிடக்கும். கேட்டால், “இங்கேதானே அண்ணே, ரெண்டு நிமிஷம்” என்று பதில் வரும்.

அந்த இரண்டு நிமிடம் எந்தச் சாலையில் என்று யோசித்தீர்களா? கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையும், சுங்கை பூலோவிலிருந்து ஈஜோக் வழியாக வரும் 54ஆம் எண் சாலையும் கூடுகிற சந்தி நம்முடையது. பக்கத்திலேயே 2011இல் லாத்தார் விரைவுச்சாலையும் வந்துவிட்டது. செம்பனை ஏற்றிய லாரியும் மணல் லாரியும் நம் பிள்ளைகளோடு ஒரே சாலையில்தான் ஓடுகின்றன.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விசையைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. புக்கிட் ரோத்தானோ, ராஜா மூசாவோ, ரிவர்சைடோ, எந்தத் தோட்டமாக இருந்தாலும் நம் அப்பா அம்மா சொன்ன முதல் எச்சரிக்கை, குலை வெட்டும்போது மரத்தடிக்குப் போகாதே என்பதுதான். 20 கிலோ குலை ஒன்று 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதனோடு சேர்ந்து விழும் உதிரிப் பழமும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வந்து சேரும். கனமானது சீக்கிரம் விழும் என்பது தவறு என்று கலிலியோ சொன்னதை, உதிரி பொறுக்கியவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டாரிலிருந்து எகிறி, நேராக ஒரு சுவரிலோ லாரியின் பின்புறத்திலோ மோதுவதும், 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதும் உடம்புக்கு ஒன்றுதான். 14 மீட்டர் என்றால், வெட்ட எட்டாமல் போய்விட்டது, மறுநடவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானிக்கிற கிழட்டுச் செம்பனையின் உயரம். அந்த மர உச்சியில் சின்னவளை நிற்கவைப்போமா? மோட்டாரின் முன்னால் மட்டும் எப்படி நிற்கவைக்கிறோம்?

நிலைமம் என்று பிள்ளை மனப்பாடம் செய்வது இதைத்தான். மோட்டார் நின்றுவிடும், அதில் இருப்பவர் நிற்கமாட்டார். முன்னால் நிற்கும் குழந்தை ஹேண்டில்பாரில் மோதும். அதே நொடியில் 70 கிலோ அப்பா பின்னாலிருந்து அவள்மேல் வந்து விழுவார். “நான் பிடிச்சிக்குவேன்” என்று சொல்லும் அந்தக் கையும் நெஞ்சும்தான் அவளை நசுக்கும். கார் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். மடியில் வைத்திருக்கும் 10 கிலோ குழந்தை, கார் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்தில் ஒரு நொடியில் நின்றால், கிட்டத்தட்ட 1,400 நியூட்டன் விசையோடு கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். அது ஏறத்தாழ மூன்று சிமெண்ட் மூட்டையின் பாரம். எந்தத் தாயின் கைக்கு அந்தப் பலம் உண்டு?

ஹெல்மெட் செய்வது மாயம் ஒன்றுமில்லை. தலை நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் தூரமும் நேரமும் கொடுக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நுரை நசுங்குவதால் 2 மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய தலை 20 மில்லிமீட்டரில் நின்றால், மண்டை தாங்க வேண்டிய விசை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. படிவம் நான்கில் கணத்தாக்கு விசை என்று வருவதும் இதே கணக்குதான். வார் கட்டாத ஹெல்மெட்டோ, தலைக்கு முன்பே தனியாகப் பறந்துபோய்விடும். அதற்கும் நிலைமம் உண்டு அல்லவா?

“லாரிக்காரன் பார்த்து நிறுத்திக்குவான்” என்பது அடுத்த நம்பிக்கை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு கார், ஓட்டுநர் சுதாரிக்கிற ஒரு நொடிக்குள்ளேயே 17 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டர். மழை பெய்து உராய்வு குறைந்தால் 35 மீட்டர்கூட ஆகலாம். பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகம் வேண்டும். அதே கார் 30 கிலோமீட்டரில் வந்தால் பிரேக் தூரம் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறையும். பள்ளிக்கு அருகே 30 என்று பலகை நட்டிருப்பதன் அர்த்தம் அதுதான். அந்தப் பலகையை ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போகிறவர்களில் நாமும் இருக்கிறோம்.

மலேசியாவில் ஹெல்மெட் சட்டம் 1973இலேயே வந்துவிட்டது. முன் இருக்கை பெல்ட் 1979இல், பின் இருக்கை பெல்ட் 2009இல், குழந்தை இருக்கை 2020இல் கட்டாயமாயின. இவ்வளவுக்குப் பிறகும் இந்த நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டாரில் போகிறவர்கள்தான். நாமோ ரோடு பிளாக் கண்ணில் பட்டால் மட்டும் ஹெல்மெட்டைத் தேடுகிறோம். நியூட்டன் சம்மன் எழுதுவதில்லை. அவரிடம் தள்ளுபடியும் கிடைக்காது.

வசதி இல்லை என்பீர்கள். வீட்டில் ஒரே மோட்டார், மூன்று பிள்ளைகள், எட்டு மணிக்குத் தொழிற்சாலையில் பஞ்ச் கார்டு. தெரியும், கார் வாங்கச் சொல்லவில்லை. சின்ன ஹெல்மெட் ஒன்றின் விலை பெரும்பாலும் ஒரு மாத டியூஷன் காசுக்குள் அடங்கிவிடும். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் இரண்டு நடை போகலாம். பக்கத்து வீட்டுக் காரில் இடமிருந்தால் எண்ணெய்க் காசைப் பகிர்ந்துகொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விருந்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோமே, பள்ளி வேனைப் பற்றிக் கால் மணி நேரம் பேசக் கூடாதா?

இதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. ஆறாம் ஆண்டு அறிவியலிலேயே விசையும் வேகமும் வந்துவிடுகின்றன. விசையைப் பற்றிய கேள்விக்குச் சரியான விடை எழுதுகிற பிள்ளை, அப்பாவின் தொங்கும் வாரைத் தினமும் பார்க்கிறான். பாடம் வேறு, வாழ்க்கை வேறு என்ற முடிவுக்கு வந்துவிடுகிறான். அப்படி முடிவுகட்டியவனுக்கு நான்காம் படிவத்தில் இயற்பியல் வெறும் சூத்திரப் பட்டியலாகத்தான் தெரியும். பிறகு “பிசிக்ஸ் ரொம்பக் கஷ்டம், அக்கவுண்ட் எடுக்கட்டும்” என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிப்போங்கள். ஹெல்மெட் போட்டு, சைக்கிளை மெதுவாக ஓட்டி, ஒரு கோட்டில் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு கொஞ்சம் வேகமாக, அதன் பிறகு ஈரப் புல்லில் மெதுவாக. ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் தள்ளிப் போய் நிற்கிறது என்று டேப் வைத்து அளந்து எழுதட்டும். ஏன் அப்படி என்று உங்களுக்கே அவர்கள் விளக்கட்டும். திங்கட்கிழமை காலை எல்லோர் தலையிலும் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டுங்கள், முதலில் உங்களுடையதை. டியூஷன் போதுமா போதாதா என்பதைப் பிறகு பேசிக்கொள்வோம்.