சாபமா, பழக்கமா?

தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், மகனும் குடிக்கிறான். இதைப் ‘பரம்பரைச் சாபம்’ என்று சொல்லி, ஒரே ஜெபத்தில் முறித்துவிடலாம் என்று நம்பும் கிறிஸ்தவக் குடும்பங்கள் தமிழ்நாட்டில் உண்டு. வேதாகமம் அத்தனை சுலபமாக ஆளை விடுவதில்லை.

ஆதியாகமத்தைப் பாருங்கள். எகிப்திலும் கேராரிலும் உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்றார் ஆபிரகாம். அதே கேராரில் அதே பொய்யைச் சொன்னார் மகன் ஈசாக்கு. பேரன் யாக்கோபு, கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு, பார்வை மங்கிய தகப்பனை ஏமாற்றினார். பின்னாளில் அவருடைய பிள்ளைகள் தங்கள் தம்பி யோசேப்பை விற்றுவிட்டு, அவன் அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்து அவரையே ஏமாற்றினார்கள்.

இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. ஈசாக்குக்கு ஏசா செல்லம், ரெபெக்காளுக்கு யாக்கோபு செல்லம். அந்த ஓரவஞ்சனையில் வளர்ந்த யாக்கோபுதான் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்துகொடுத்தார்.

இந்தப் பழக்கச் சங்கிலியை அறுத்தவர்களில் ஒருவன் யாக்கோபின் மகன் யூதா. தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்னவனே, பல ஆண்டுகள் கழித்து, கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்க முன்வந்தான். பழிதீர்க்க அதிகாரம் இருந்தும் யோசேப்பு மன்னித்தார்.

தகப்பன் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் அடித்துச் சொல்கிறது. கூடவே மனந்திரும்பவும் அழைக்கிறது. கிறிஸ்துவுக்குள் வருகிறவன் புதுசிருஷ்டி என்று பவுல் எழுதியதும் இந்த மாற்றத்தைத்தான். ஆகவே, ஞாயிறன்று குடிக்கும் அந்த மகனுக்காக ஜெபிக்கும் சபை, திங்களன்று அவனைக் குடிநோய் சிகிச்சைக்கும் அழைத்துப்போக வேண்டும். குடித்துவிட்டு அவன் மனைவியைக் கை நீட்டி அடித்திருந்தால், அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் வைக்க வேண்டும்.