சக்கரம் இருக்கு, தரை எங்கே?

சினிமாவுக்கு ரோலர் ஸ்கேட்டிங் என்றால் ஒரே அர்த்தம்தான். பளபளக்கிற தரை, சுற்றுகிற டிஸ்கோ விளக்கு, காலில் சக்கரம் மாட்டிய பணக்கார வீட்டுப் பெண், பின்னாலேயே ஒரு பையன். 1979-ல் வந்த 'ரோலர் பூகி'யும் இதேதான். நிலத்துக்கு ஆசைப்படும் ரவுடிகளிடமிருந்து ஜோடி சேர்ந்து ஸ்கேட்டிங் அரங்கத்தைக் காப்பாற்றுகிறார்கள். சுபம்!

நிஜம் வேறு. ரோலர் டிஸ்கோ பிறந்த இடம் என்று சொல்லப்படும் நியூயார்க் புரூக்ளினின் எம்பயர் அரங்கம் 2007-ல் மூடப்பட்டது. காப்பாற்ற எந்தக் கதாநாயகியும் வரவில்லை. அங்கே ஆடி ஆடி அந்தக் கலையை வளர்த்தவர்கள் கறுப்பின மக்கள். மார்ட்டின் லூதர் கிங் பேசிய 1963 வாஷிங்டன் பேரணிக்கு லெட்ஜர் ஸ்மித் என்பவர் சிகாகோவிலிருந்து ஸ்கேட்டிலேயே போய்ச் சேர்ந்தார். சுமார் 1,100 கிலோமீட்டர், பத்து நாள். இதைவிடக் கதை வேண்டுமா? ஹாலிவுட் எடுத்தது 'ஸனடு' (1980). கிரேக்க தேவதை சக்கரம் கட்டிக்கொண்டு வந்து டிஸ்கோ கிளப் திறக்க உதவுகிறாள். (மட்டமான படங்களுக்கு ராஸி விருது கொடுக்கும் யோசனையே இதையும் இன்னொரு படத்தையும் சேர்த்துப் பார்த்த எரிச்சலில் பிறந்ததுதான்.) சக்கரத்தைக் காட்டினார்கள். தரை யாருடையது என்று காட்டவில்லை.

தரை விவகாரம் அமெரிக்காவோடு முடிவதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எம்.ரெட்டியபட்டிக்கு வாருங்கள். கரிசல் பூமி. கோடையில் வாய் பிளக்கும், மழையில் காலைப் பிடித்து இழுக்கும். பையன்கள் சும்மாவா இருக்கிறார்கள்? நுங்கு வண்டி, பழைய டயர், ஒர்க் ஷாப்பில் கழித்துப்போட்ட பேரிங்கில் செய்த வண்டி. ஸ்கேட் சக்கரத்துக்குள் இருப்பதும் அதே மாதிரி பேரிங்தான் ஐயா! வழவழப்பான தரை என்றால் சிமெண்ட் களம். அதிலும் மல்லியும் சோளமும் காயும். அதைக் குறை சொல்லவும் முடியாது, சோறு முதலில்.

"பணக்கார விளையாட்டு, நமக்கெதற்கு?" என்பவர்கள் கேட்கட்டும். சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் 1000 மீட்டர் ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் ஆனார். இந்தியாவுக்கு அதுதான் முதல் பட்டம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் இருந்த ரிலே அணிக்கு வெண்கலம். அதே பந்தயத்தில், ஜெயித்தாயிற்று என்று தென்கொரிய வீரர் கையைத் தூக்கிய நேரத்தில், தைவான் வீரர் காலை நீட்டி 0.01 விநாடியில் தங்கத்தைப் பறித்துக்கொண்டு போனார். எந்த டைரக்டர் இப்படி ஒரு கிளைமாக்ஸ் யோசிப்பார்? கபடிக்கு 'வெண்ணிலா கபடிக் குழு', குத்துச்சண்டைக்கு 'சார்பட்டா பரம்பரை' தந்த தமிழ் சினிமா சக்கரக் காலுக்கு என்ன தந்தது?

2021-ல் 'ஸ்கேட்டர் கேர்ள்' வந்தது. பலகை ஸ்கேட்டிங், ஆனாலும் சக்கரம் சக்கரம்தான். லண்டனிலிருந்து வந்த பெண் கிராமத்துப் பெண்ணுக்கு வழிகாட்டும் பழைய பல்லவி. எரிச்சல்தான். ஆனால் படத்துக்காக ராஜஸ்தானின் கெம்பூர் கிராமத்தில் நிஜமாகவே ஒரு ஸ்கேட்டிங் பூங்கா கட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கவில்லை, ஊர்ப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு பாட்டுக்குக் கோடிகளில் செட் போட்டு மறுவாரமே உடைக்கிறவர்கள், ஒன்றையாவது உடைக்காமல் கரிசலில் போடட்டும். டிஸ்கோ விளக்கெல்லாம் வேண்டாம். நூறடிக்கு ஐம்பதடி சிமெண்ட் தரை போதும். அறுவடை நாளில் அதிலேயே மல்லியும் காயட்டும்.