வேலை கிடைத்தது, சம்பளம்?

"கேஸ் ஜெயித்துவிட்டது!" என்று சொல்லிக்கொண்டே அப்பா வீட்டுக்குள் வருகிறார். அம்மா பாயசத்துக்கு அடுப்பு மூட்டுகிறாள். மறுநாள் வக்கீல் தீர்ப்பைப் படித்துக் காட்டுகிறார். "தொழிலாளியை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்." அவ்வளவுதான்!

வேலை இல்லாமல் இருந்த ஆறு வருடத்துக்குச் சம்பளம் உண்டா? அந்த ஆறு வருடமும் சர்வீசில் சேருமா? நின்றுபோன ஆண்டு உயர்வுகள் என்ன ஆகும்? தீர்ப்பு வாய் திறக்கவில்லை. "உண்டு" என்கிறார் தொழிலாளி. "இல்லை" என்கிறது நிர்வாகம். முடிந்த வழக்கு மறுபடியும் பிறக்கிறது!

இது கற்பனை வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது.

ஆந்திர அரசு போக்குவரத்துக் கழகத் தொழிலாளி ஒருவர், அனுமதி இல்லாமல் வேலைக்கு வராததற்காக நீக்கப்பட்டார். தொழிலாளர் கோர்ட்டு அவரைத் திரும்ப எடுக்கச் சொன்னது. சர்வீஸ் தொடர்ச்சி உண்டு, இடைக்காலச் சம்பளம் கிடையாது என்றது. ஆண்டு உயர்வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சர்வீஸ் தொடர்கிறதே, உயர்வும் வர வேண்டாமா?" என்று அவர் கேட்டார். ஐகோர்ட்டு "சரி" என்றது. சுப்ரீம் கோர்ட்டு 2003-ல் "இல்லை" என்றது. சர்வீஸ் தொடர்ச்சி வேறு, மற்ற பலன்கள் வேறு. பலன்களும் உண்டு என்றால், தீர்ப்பிலேயே தனியாகச் சொல்லியிருக்க வேண்டுமாம்!

உண்டோ, இல்லையோ, அதை ஒரு வரியில் முதலிலேயே எழுதியிருக்கலாமே! அதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?

சாவி யார் கையில்?

"அப்பீல் செய்யலாமே" என்பார்கள். தொழில் தகராறுகளுக்கென்றே 1950-ல் ஓர் அப்பீல் டிரிபியூனல் அமைக்கப்பட்டது. வழக்குகள் இழுத்துக்கொண்டே போயின. 1956-ல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஐகோர்ட்டில் ரிட் மனுதான். அங்கே சாட்சிகளின் பேச்சை மறுபடியும் எடை போடுவதில்லை. தீர்ப்பில் சட்டப்பிழை உண்டா என்றே பார்ப்பார்கள்.

அப்பீலை எடுத்தது தவறல்ல. இழுத்தடிக்கும் வழக்கில் பணம் உள்ளவனுக்குத்தான் மூச்சு நிற்கும். தவறு வேறு இடத்தில் நடந்தது. தீர்ப்பின் பொருளில் சந்தேகம் வந்தால் விளக்கம் பெற, அதே 1956 திருத்தம் ஒரு வழி வைத்தது. கேட்பது யார்? சர்க்கார்! சர்க்கார் மனம் வைத்து அனுப்பினால்தான் டிரிபியூனல் விளக்கும். பூட்டு தொழிலாளி வீட்டில். சாவி சர்க்கார் இடுப்பில்!

கூட்டல் எந்திரம்

நல்ல வேளையாக வேறொரு கதவு திறந்தது. வங்கிக் குமாஸ்தாக்கள் சிலர், கூட்டல் எந்திரத்தில் வேலை செய்வதற்குத் தனிப் படி கேட்டார்கள். பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டினார்கள். "பணத்தைக் கணக்கிடத்தான் தொழிலாளர் கோர்ட்டுக்கு அதிகாரம். தீர்ப்புக்குப் பொருள் சொல்ல அதிகாரம் இல்லை" என்றது வங்கி. சுப்ரீம் கோர்ட்டு 1963-ல் அதை ஏற்கவில்லை. பொருள் தெரியாமல் கணக்கு எப்படிப் போடுவது?

இந்த மனுவைத் தொழிலாளி தானே போடலாம். ஆனால் தீர்ப்பில் இல்லாத உரிமையை இதில் புதிதாகச் சேர்க்க முடியாது. ஆகவே வழக்குப் போடும்போதே சம்பளப் பாக்கி, சர்வீஸ், ஆண்டு உயர்வு மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்ட ஒவ்வொன்றுக்கும் "உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதாமல் நீதிபதி கையெழுத்துப் போடக் கூடாது.

நிர்வாகம் மேல் கோர்ட்டுக்குப் போனால்? திரும்ப வேலைக்கு எடுக்கும்படி தீர்ப்பு வந்திருந்தால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தையும் தரவேண்டும். 1984 முதல் இருக்கும் உரிமை இது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் இது உண்டு. ஆனால், வேறு வேலை பார்க்கவில்லை என்று தொழிலாளி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அதைக் கொடுக்காதவருக்கு இந்தச் சம்பளம் கிடைக்காது.